விளையாட்டுக் கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் துவைத்த பிறகும் ஏன் நாறுகின்றன?

வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையையும் தோலின் எண்ணெயையும் தின்று, காற்றில் பரவும் அமிலங்களை வெளியிடுகின்றன. அந்தக் கப்பு வாடை அதிலிருந்துதான் வருகிறது.

சரி, துவைத்தும் ஏன் போகவில்லை? பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நினைத்துப் பாருங்கள். தினமும் சோப்பில் ஊறினாலும் உள்ளே காயாததால் நாற ஆரம்பித்துவிடும். காப்புகளுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சும் அப்படித்தான். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதனால் எதில் கழுவுகிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் காய வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். விளையாடி முடித்ததும் பையிலிருந்து வெளியே எடுத்து, விரித்து, மின்விசிறிக் காற்றில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நனைக்கக்கூடியவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, நன்றாக அலசுங்கள். தோல் பொருள்களை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஷூவுக்குள் சமையல் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடலாம். பாலியஸ்டர் சீருடைக்குத் துணி மென்மையாக்கி வேண்டாம்; அது துணியில் படிந்து வாடையைப் பிடித்து வைக்கும். அப்புறம், பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஷூவை ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குளிரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் முடங்கிக் கிடக்குமே தவிர சாகாது, வெளியே எடுத்துப் போட்டால் திரும்பவும் நாறும்.