மூன்று வளைவுகள்

அன்புள்ள ஐயா,

டென்மார்க் ஓவியர் எக்கர்ஸ்பெர்க் ரோமில் வரைந்த காட்சிகளை இணையத்தில் பார்த்தேன். இருப்பதை அப்படியே வரைந்திருக்கிறார். இதில் கலை எங்கே? பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் தாவீதிடம் படித்ததால் வந்த வறட்சியா? எங்கள் தெருவை வரையப் பழகுகிறேன். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் கணக்கு, கட்டாயம் வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

தாவீதை விடுங்கள், அவர் பாவம். ‘இருப்பதை அப்படியே’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. சில நாட்களாக, ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்திலிருந்து எக்கர்ஸ்பெர்க் வரைந்த படத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ரோமில் இருந்தது 1813 முதல் 1816 வரை. கொலோசியத்தின் மூன்றாம் அடுக்கு, மூன்று வளைவுகள், அவற்றின் வழியே நகரம். படம் 49.5 சென்டிமீட்டர் அகலம், 32 உயரம், அவ்வளவுதான். அந்த இடத்தில் போய் நின்றால் இந்தக் காட்சி கிடைக்காது! நடு வளைவுக்கு நேரே நின்றால், பக்க வளைவுகளில் அவர் காட்டும் நகரத்தைத் தடித்த தூண்கள் மறைத்துவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் தனியே நகர்ந்து பார்த்து, மூன்றையும் ஒன்றாகக் கோத்திருக்கிறார். கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி இதை எடுத்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

தையல் ஏன் தெரியவில்லை? பக்கவாட்டில் நாலடி நகர்ந்தால் வளைவின் விளிம்புக்குப் பின்னால் கோபுரம் இடம் மாறும். ஆனால் தூரத்துக் கோபுரமும் அதன் பக்கத்து வீடும் தங்களுக்குள் அநேகமாக மாறுவதில்லை. அதனால் தூரத்து நகரத்தைத் துண்டு துண்டாக ஒட்டலாம். கிட்டத்து மரத்தில் இதைச் செய்தால் குட்டு உடைந்துவிடும். கண்மட்டமும் மாறக் கூடாது. ஒரு படி ஏறிவிட்டால் ஒரு வளைவில் அடிவானம் மேலேயும் அடுத்ததில் கீழேயும் நிற்கும். பெர்ஸ்பெக்டிவ் தெரியாதவனால் இப்படிப் பொய் சொல்ல முடியாது. இவரோ 1841இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டவர்.

உங்கள் தெருவுக்கு வருவோம். முக்காலியில் உட்காருங்கள், கடைசிவரை அதே முக்காலி. வரையப்போகும் அகலத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி உட்காருங்கள். முதலில் கண்மட்டக் கோடு. தெருவோடு நீளும் விளிம்புகளில் கண்ணுக்கு மேலுள்ளவை தள்ளிப்போகப் போக அந்தக் கோட்டை நோக்கி இறங்கும், கீழுள்ளவை ஏறும். பழகுபவர்கள் திண்ணை வரும்போது எழுந்து எட்டிப் பார்த்துவிடுகிறார்கள். திண்ணை மட்டும் கவிழ்ந்து விழுவதுபோல் நிற்கும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிழலின் விளிம்பை முதல் பத்து நிமிடத்தில் குறித்துவிட்டு, பிறகு எவ்வளவு ஆசை வந்தாலும் திருத்தாதீர்கள்.

வரைந்ததை அனுப்புங்கள். கண்மட்டக் கோட்டை அழிக்காமல் அனுப்புங்கள்.