எக்ஸ்பல்ஸ் முன் ஃபோர்க்: பிரேக்கில் முங்குகிறது, கல்லில் உதைக்கிறது, கெட்டி ஆயில் ஊற்றலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக், ஓசூர் பக்கம் கல் பாதைகளில் ஓட்டுகிறீர்கள், பிரேக் பிடித்தால் முன்பக்கம் சரேலென்று இறங்குகிறது, ஆனால் சின்னக் கல் வரிசையாக வந்தால் கை மரத்துப்போகிற மாதிரி உதைக்கிறது, பட்டறையில் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) 20டபிள்யூ என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிடலாம் என்கிறார்கள்.

ஊற்றாதீர்கள். பிரேக்கில் இறங்குவது கொஞ்சம் குறையும், கல்லில் உதைப்பது இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

ஏன் என்றால், உங்கள் வண்டியில் இருப்பது 37 மி.மீ. குழாய் கொண்ட சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க், மொத்தம் 190 மி.மீ. ஏறி இறங்கும், வெளியே திருகி மாற்ற எதுவும் கிடையாது (ராலி கிட்டிலும் 4வி ப்ரோவிலும் வருகிற 250 மி.மீ. ஃபோர்க்கில் அது உண்டு, அது வேறு கதை). உள்ளே டேம்பர் ராடு என்று ஒரு குழாய், அதில் சில துளைகள். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்தத் துளை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். துளையின் அளவு எப்போதும் ஒன்றே என்பதால், அமுங்குகிற வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் நிதானமாகத்தான் அமுங்குகிறது, ஆயிலுக்கு அப்போது தடையே தெரிவதில்லை, அதனால் முங்குகிறது. கூரான கல்லில் சக்கரம் ஏறும்போது அதே ஃபோர்க் படுவேகமாக அமுங்கப் பார்க்கிறது, ஆயில் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்கிறது, அந்த அடி நேராக ஹேண்டில்பாருக்கு வருகிறது. ஆக உங்களுடைய இரண்டு புகாரும் ஒரே துளையிலிருந்து வருபவை. கெட்டியான ஆயில் இரண்டு இடத்திலும் எதிர்ப்பைக் கூட்டும், ஒன்றுக்கு நல்லது, இன்னொன்றுக்கு விஷம்.

ஆயிலைத் தொடும் முன்பு காசு செலவில்லாத வேலைகள் சில இருக்கின்றன. முன் டயர் காற்றைப் பாருங்கள், தார் ரோட்டுக்கு அடித்த அளவிலேயே கல்லில் போனால் எந்த ஃபோர்க்கும் உதைக்கும். ஆனால் இது டியூப் டயர், ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக் கிழியும். அடுத்து கோன்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமானது ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்பது. பஞ்சர் போட்டுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை: ஆக்ஸிலை முறுக்கிவிட்டு, கால் ஓரத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டை லூசாக விட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்கி எழுப்புங்கள், கால் தானாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும், அப்புறம் அந்த போல்ட்டை இறுக்குங்கள். கால்கள் கோணலாக இருந்தால் புஷ் (குழாய் வழுக்கி ஓடும் உள் வளையம்) உரசி, சின்ன அதிர்வை ஃபோர்க் வாங்கவே வாங்காது. கை மரத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

சரி, இதெல்லாம் பார்த்தும் அப்படியே இருந்தால் கழற்ற வேண்டியதுதான். பழைய ஆயில் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வரும், புஷ்ஷும் ஸ்பிரிங்கும் தேய்ந்த பொடி அது. கழற்றும்போது வரிசை முக்கியம். இஞ்சினுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை எடுத்து, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். மேல் டீ (இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் தகடு) போல்ட்டை லூசாக்கியதும், கீழ் டீ இன்னும் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே காலின் மேல் மூடியை ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். காலை வெளியே எடுத்துவிட்டு மூடியைக் கழற்றப் பார்த்தால் வைஸில் நசுக்கிப் பாழாக்குவீர்கள். அடியில் இருக்கும் அலன் போல்ட்டும் அப்படித்தான். ஸ்பிரிங் உள்ளே இருந்து டேம்பர் ராடை அமுக்கிப் பிடித்திருக்கும்போதே அதைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ராடும் சேர்ந்து சும்மா சுற்றும். மூடியின் கடைசி மரைகள் விடும்போது முகத்தை விலக்கி வையுங்கள், ஸ்பிரிங் தள்ளும்.

ஆயில் மட்டும் மாற்றுவதாக இருந்தால் அடி போல்ட்டைத் தொட வேண்டாம், கவிழ்த்து வைத்துப் பம்ப் அடித்தால் பெரும்பகுதி வந்துவிடும். சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால்தான் முழுக்கப் பிரிக்க வேண்டும். அதிலும் ஒரு விஷயம், சேற்றில் ஓட்டிய பிறகு லேசாகக் கசிந்தால் உடனே சீல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வண்டியில் ஃபோர்க்குக்கு ரப்பர் உறை இருப்பதால் கல் படாது, நல்லதுதான், ஆனால் உறைக்குள் புகுந்த சேறு அங்கேயே காய்ந்து உட்கார்ந்துவிடும். உறையை மேலே ஏற்றி, டஸ்ட் சீலை நெம்பி விலக்கி, பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய ஒரு துண்டைச் சீலின் உதட்டுக்கு அடியில் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். மண் துகள் வெளியே வந்து கசிவு நின்றாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் புது சீல், அடி போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். குழாயின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதில் ஆயில் தடவிச் சீலை இறக்குங்கள், இல்லையென்றால் விளிம்பே புது சீலைக் கீறிவிடும். குழாயில் துரு அல்லது கீறல் விரலுக்குத் தட்டினால் 1500 உப்புத்தாளால் அந்த முனையை மட்டும் மழுக்குங்கள். புஷ்ஷில் கருப்புப் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

இனி ஆயில். ஃபோர்க் ஆயில்தான், இஞ்சின் ஆயில் கூடாது; பட்டறைகளில் மீந்த 20டபிள்யூ-40-ஐ ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அது ஃபோர்க்குக்குள் குலுக்கப்படுவதற்காகச் செய்த ஆயில் அல்ல. 10டபிள்யூ-வில் தொடங்குங்கள். ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொரு கம்பெனியின் 10டபிள்யூ அளவுக்குக் கெட்டியாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை, அதனால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு) என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள், பிறகு அதே பிராண்டிலேயே இருங்கள்.

உங்கள் பிரேக் புகாருக்கான மருந்து ஆயிலின் கெட்டியில் இல்லை, மட்டத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை எவ்வளவு இடைவெளி என்று அளப்பதுதான் மட்டம். அந்த இடைவெளியில் இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் கடைசியில்தான் கடினமாகும் ஸ்பிரிங். கணக்குக்கு இடைவெளி 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபோர்க் முழுக்க நீண்டால் காற்றுக்கு 340 மி.மீ. இடம், முழுக்க அமுங்கினால் 150, அதாவது சுமார் 2.3 மடங்கு அழுத்தம். ஆயிலை ஏற்றி இடைவெளியை 120 ஆக்கினால் அதே கணக்கு 2.6 மடங்கு ஆகிறது. முதல் பாதி அமுக்கத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, அடியில் போய் இடிக்கிற இடத்தில் மட்டும் தாங்கும். சின்னக் கல்லுக்கு மென்மை கெடாமல் பிரேக்கின் கடைசி முங்கலைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. சர்வீஸ் மேனுவலில் இருக்கும் மட்டத்தில் தொடங்கி, 10 மி.மீ. மட்டும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். இந்தக் குழாயில் 10 மி.மீ. என்பது தோராயமாக 8 அல்லது 9 மில்லி, மெடிக்கல் கடை ஊசி போதும். ஒரேயடியாக ஏற்றினால் காற்றுக்கு இடமில்லாமல் சீல் பிதுங்கும், ஃபோர்க் முழுத் தூரம் போகாது.

ஸ்பிரிங்குக்கு மேலே வாஷரோ பிவிசி துண்டோ வைத்தால் 'டைட்' ஆகிவிடும் என்பார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனிலும் சுற்றின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. மேலே துண்டு வைத்தால் வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அது தேவையா என்பதற்கு அளந்து பார்க்க வேண்டும். ரப்பர் உறையை ஏற்றிவிட்டு, குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, சக்கரம் தரையில் படாமல் தூக்கியபோது எவ்வளவு நீளம் தெரிகிறது, ஹெல்மெட் பூட்ஸ் எல்லாம் போட்டு நீங்கள் ஃபுட்பெக்கில் நின்றால் எவ்வளவு தெரிகிறது என்று இரண்டையும் குறியுங்கள். வித்தியாசம் மொத்த தூரத்தில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை, அதாவது 190-க்கு சுமார் 48 முதல் 57 மி.மீ. இருந்தால் சரி. 70 என்று வந்தால் துண்டு வைத்துக் குறைக்கலாம். ஆனால் துண்டு வைத்து 55-க்குக் கொண்டுவந்த பிறகு, நீங்கள் ஏறாதபோது வண்டி தன் எடைக்கே இறங்க மறுத்தால், உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிது, கடினமான ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கல்லில் உதைத்தால் கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. ரேஸ் டெக்கும் ஒய்எஸ்எஸ்ஸும் செய்கின்றன. டேம்பர் ராடின் தலையில், ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும் சின்ன வால்வு அது. ராடில் உள்ள துளைகளைப் பெரிதாக்கிவிட்டால் எதிர்ப்பு முழுக்க அந்த வால்வின் பொறுப்பு, மெதுவான அமுக்கத்துக்குத் தடுக்கும், வேகமான அடிக்குத் திறந்துகொள்ளும். உங்கள் இரண்டு புகாரையும் ஒன்றாகத் தீர்ப்பது உண்மையில் இதுதான். துளையைப் பெரிதாக்கினால் பழைய நிலைக்குத் திரும்ப வேறு ராடு வாங்க வேண்டியிருக்கும், அதனால் மட்டத்தையும் ஸ்பிரிங்கையும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். உங்கள் எடையைச் சொல்லவே இல்லையே, கேபிள் டை அளவோடு அதையும் எழுதுங்கள், ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.