உப்பேறிய கைகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். கடலோர நகரம் ஒன்றை அயல்படை பிடித்துக்கொள்கிறது. அவர்கள் விற்கும் உப்பைத் தவிர வேறு உப்பு அங்கே கிடைப்பதில்லை. அதைத் தின்றவர்களின் உள்ளங்கையில் கழுவினாலும் போகாத வெள்ளைத் தடம் ஒன்று படிந்துவிடுகிறது. இந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கதையின் நடுவே இருக்கும் காதலை என்னால் ஏற்க முடியவில்லை. படையின் விசாரணை மன்றத்தில் துபாஷியாக இருக்கும் அந்த ஊர்ப் பெண், அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரியைக் காதலிக்கிறாள். அவள் மொழிபெயர்த்த ஒரு வாக்கியத்தால் ஒரு படகோட்டி தூக்கிலிடப்படுகிறான். கடைசியில் அவளும் அதிகாரியும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

தன் ஊரைப் பிடித்தவனை ஒருத்தி காதலிப்பதை இவ்வளவு அழகாக எழுதுவது துரோகத்துக்கு மெருகேற்றுவது ஆகாதா? மூன்றாம் ஆண்டில் ஊரிலுள்ள எல்லோர் கையிலும் தடம் வந்துவிடுவதாக எழுதுகிறீர்கள். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் எவருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. மாயக்கதை என்பதால் இந்தச் சலுகையை எடுத்துக்கொண்டீர்களோ என்று தோன்றியது.

ர.,
அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ர.,

நாவலை எழுதிய காலம் முழுவதும் நானும் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். ஓரிடத்தில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கிறது. அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும். விசாரணையில் படகோட்டி சொல்வது, "அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்" என்பது மட்டுமே. அந்த ஊர்ப் பேச்சில் அத்தை வீடு என்றால் திருட்டுத்தனமாக உப்புக் காய்ச்சும் தீவு. நாம் மாமியார் வீடு என்று சிறைச்சாலையைச் சொல்வதைப் போல உள்ளூரில் குழந்தைக்கும் தெரிந்த, வெளியாருக்குப் பிடிபடாத வழக்கு அது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அதைப் பொய் என்று எவரும் சொல்லியிருக்கவும் முடியாது. அவள் பொருளை மொழிபெயர்த்தாள். அவளை யாரும் மிரட்டவில்லை, அதற்காகக் கூலியும் கேட்கவில்லை. எதிரே அமர்ந்திருந்தவனிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முந்தைய இரவு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒருவரைக் காதலிப்பது என்றால் அவரிடம் பொய் சொல்ல முடியாமல் போவது என்றே நான் நம்புகிறேன். அந்த இயலாமை, பிடிபட்ட ஊரில் ஓர் உயிரைக் குடிக்கும் என்பதை எழுத எனக்குக் காதல் கதையைத் தவிர வேறு வடிவம் கிடைக்கவில்லை. விசுவாசமின்மையால் நேரும் துரோகத்தை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விசுவாசத்தாலேயே நேரும் துரோகத்தை நான் எழுத விரும்பினேன்.

அது காதல்தானா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்டுக்கொண்டேன். அவளுடைய தாய் மருத்துவரிடம் போவதற்கான சீட்டில் அவன் கையெழுத்திட்டது, அவள் மனத்தில் ஆசை முளைப்பதற்கு முன்பு. சீட்டை மறுக்கும் அதிகாரம் உள்ளவனிடம் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை தனக்கு உண்மையில் இருந்ததா, அல்லது நன்றியைத்தான் காதல் என்று எடுத்துக்கொண்டோமா என்று அவளால் இறுதிவரை தெரிந்துகொள்ள முடிவதில்லை. அவனாலும் முடியாது. சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆம், அந்தச் சந்தேகத்தோடுதான் வாழ்கிறார்கள். படையெடுப்பு முடிந்த பிறகும் அந்த வீட்டை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

இத்தகைய கதைகளில் பிறவித் தொடர்பு, விதியின் முடிச்சு, மந்திரக்கட்டு என்று ஏதாவது ஒன்றை வைத்து இருவரையும் பிணைத்துவிடுவது வழக்கம். அப்படிப் பிணைத்துவிட்டால் தேர்வு அவர்கள் கையில் இல்லை, பழியும் இல்லை. நீங்கள் குறிப்பிடும் சலுகை அங்கேதான் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் நாவலில் உப்பு தடம் பதிக்கும். எவரையும் எதையும் செய்ய வைக்காது.

இனி, எல்லோர் கையிலும் தடம் ஏறிவிடுவது. நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்ற பழைய சொல் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். ஆனால் உப்பளத்தையே பறித்துக்கொண்டு, நம் உப்பை நமக்கே விற்பவனுக்கு அந்தக் கடன் உண்டா? 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் வெளிப்படையாக அழைத்து உபசரிக்க முடியாத இடங்களில் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் சோற்றில் போட்டதும் வரி கட்டி வாங்கிய உப்பாகத்தான் இருந்திருக்கும். ஆளுபவனின் உப்பைத் தின்றவர்கள்தான் அவனுடைய ஆணையையும் மீறினார்கள். அந்தப் பொட்டலங்களை நினைத்தே மூன்றாம் ஆண்டு அத்தியாயங்களை எழுதினேன். எல்லோர் கையும் வெளுத்த பிறகு கையைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது. அவரவர் என்ன செய்தார் என்று கேட்டே ஆகவேண்டும். உப்பைத் தின்றவர், உப்பை விற்றவர், யார் வீட்டில் கள்ள உப்பு இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவர் ஆகிய மூவரும் என் நாவலில் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி ஒன்று சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த உப்புக் குத்தகைதாரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பட்டியல் எழுதிய கணக்கரைப் பற்றியும் இல்லை. இருவரும் அவளைவிட அதிகம் பேரைக் கொன்றவர்கள். பிரான்சு 1944இல் விடுபட்டபோதும் அதன் பின்னரும், ஜெர்மானியரோடு பழகியவர்கள் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 பெண்களுக்குத் தெருவில் வைத்துத் தலையை மழித்தார்கள். ஜெர்மானியப் படைக்குக் கடற்கரை அரண்களைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரர்களை அப்படித் தெருவில் நிறுத்தவில்லை. பெண்ணின் உறவு கண்ணுக்குத் தெரிகிறது, கணக்குப் புத்தகம் தெரிவதில்லை. கும்பகர்ணனா வீடணனா என்று எத்தனை பட்டிமன்றங்களில் நாம் வாதாடியிருக்கிறோம்! இருவருக்கும் நியாயம் சொல்ல நமக்குச் சொற்கள் உள்ளன. அவளுக்கு மட்டும் துரோகி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

துபாஷி என்ற வேலையை அவளுக்குக் கொடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளையைப் படித்ததால்தான். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி அவர். கோயில் இடிபடுவதை வேதனையோடு எழுதுகிறார், மறுநாளும் அதே ஆளுநரிடம் வேலைக்குப் போகிறார். அவர் வேலையை உதறியிருந்தால் அந்த நாளைப் பற்றி இத்தனை விரிவாக நமக்குத் தெரிந்திருக்காது. இதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. அந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தும் அவரை வெறுக்கவும் முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. அந்த நிலையில் வாசகரை முந்நூறு பக்கங்களுக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று பார்த்தேன்.

நீங்கள் அல்சூரில் இருக்கிறீர்கள். நானும் அங்கே பிறந்தவள்தான். கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு அருகில் எஞ்சி நிற்கும் கோட்டைச் சுவரில், 1791 மார்ச் 21 அன்று இந்த உடைப்பின் வழியாகத்தான் ஆங்கிலேயர் தாக்கி நுழைந்தனர் என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. உள்ளே செத்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது அந்தப் படையின் பின்னாலேயே சிப்பாய்களாகவும் சமையல்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் சலவைத் தொழிலாளர்களாகவும் தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். (தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இதற்கு மிகவும் முந்தியவை, அந்தத் தமிழின் கதை வேறு.) என் தாய்வழி முன்னோரும் படைக்கு மாடு கொடுத்துப் பிழைக்க வந்தவர்கள் என்று பாட்டி சொல்வார். அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அவர்கள் கொடுத்த மாடுகள் யாருக்கு எதிராக எதை இழுத்தன என்பதை மறந்துவிடவும் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதும்போதெல்லாம் என் வீட்டாரும் அந்த மன்றத்தில் நிற்கிறார்கள்.

மாயக்கதையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரலாற்றுக் கதையைப் படிக்கும் நமக்கு ஆக்கிரமிப்பு எந்த ஆண்டில் முடியும் என்று தெரியும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் தீர்ப்புச் சொல்கிறோம். உள்ளே வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தேதி தெரியாது. இரண்டு ஆண்டா, இருநூறு ஆண்டா என்று அறியாமல்தான் அவர்கள் வேலைக்குப் போனார்கள், காதலித்தார்கள், குழந்தை பெற்றார்கள். இல்லாத நகரத்தில் வாசகருக்கும் அது தெரியாது.

நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். இறுதி அத்தியாயத்தில் அதிகாரி ஓர் ஆணையை மறுத்துப் பதவியை இழக்கிறான். ஒரே இரவில் அவன் நல்லவனாகிவிடுகிறான். அவன் மாறிவிட்டதால் அவளுடைய காதலும் பின்னாலிருந்து நியாயமாகிவிடுகிறது. மெருகேற்றியிருப்பதாக நீங்கள் உணர்ந்தது அந்தப் பக்கங்களினால்தான் என்று இப்போது புரிகிறது. அடுத்த பதிப்பில் அவன் அந்த ஆணையில் கையெழுத்திடுவான். அவள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டு, படகோட்டியின் மனைவி வீட்டுக்குப் போவாள். அந்த அம்மாள் கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், உப்பில்லாத கஞ்சியை அவள் முன் வைக்கும் காட்சி இப்போது இருப்பது போலவே இருக்கும்.

அன்புடன்.