பிஎச் 8.9 வந்திருக்கிறதா? அந்தத் திரவத்தை வாங்காதீர்கள்

கேள்வி: என் வயலில் மண் பரிசோதனை செய்ததில் பிஎச் (கார, அமிலத் தன்மையின் அளவு) 8.9, இசி (கரைந்த உப்பின் அளவு) 0.6 என்று வந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது, காய்ந்தால் பாறையாக இறுகிவிடுகிறது. ஏக்கருக்கு 5 லிட்டர் திரவம் ஊற்றினால் ஒரே மாதத்தில் பிஎச் இறங்கிவிடும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வேண்டாம். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டுமே ஏறத்தாழ 9 லட்சம் கிலோ இருக்கும், அதை 5 லிட்டர் என்ன செய்துவிடும்? இப்படி விற்பவர்கள் மண்ணையும் தாங்களே எடுத்துப்போய் அறிக்கையையும் தாங்களே கொண்டுவருவார்கள், அதற்கு இடமே கொடுக்காதீர்கள். வயலில் 10, 15 இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக்கிலோவை நீங்களே ஆய்வகத்தில் கொடுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் களர் மண்ணுக்கு உரியவை. மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் அவற்றைப் பிரித்துவிடுகிறது, பிரிந்த துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்வதால் தண்ணீர் இறங்குவதில்லை. உலர்ந்த கட்டி ஒன்றை மழைநீரில் அசைக்காமல் ஒரு நாள் போட்டு வையுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கியே நின்றால் அநேகமாக சோடியம்தான். ஆனால் எத்தனை சதவீதம் சோடியம், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு கனிமம்) தேவை என்பதைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும், அதை மட்டும் விட்டுவிட்டு பிஎச், இசி, தழை, மணி, சாம்பல் சத்துகள் என்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்! விவசாயி இதை வைத்து என்ன முடிவெடுப்பார்? ஜிப்சம் தேவை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். தள்ளப்பட்டது வேருக்குக் கீழே போக வேண்டுமே, அதனால் முதலில் வடிகால் வெட்டுங்கள், அப்புறம் ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுது, தண்ணீர் கட்டி வடியவிடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 2.5 கிராம் அளவுக்குத்தான் ஜிப்சம் கரையும், அவசரப்பட்டால் நடக்காது. பிறகு பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிஎச் 8.2 போல இருந்து, வினிகர் விட்டால் மண் நுரைத்து, தண்ணீரும் நன்றாக இறங்கினால் அது சுண்ணாம்பு மண். அங்கே கால்சியம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, ஜிப்சம் போட்டால் பிஎச் இறங்காது. கந்தகம் போடலாமே என்பார்கள். மண்ணில் சுண்ணாம்பு 1 சதவீதம் இருந்தாலே ஏக்கருக்கு 9,000 கிலோ ஆகிறது, அதைக் கரைக்க 2,900 கிலோ கந்தகம் வேண்டும். அந்த மண்ணில் பிஎச்சோடு மல்லுக்கட்டாமல், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தை இலைமேல் தெளியுங்கள், துத்தநாகக் குறை இருந்தால் அதையும் அப்படியே.

ஜிப்சம் வாங்கும் முன் பாசன நீரையும் சோதியுங்கள். அதில் பைகார்பனேட் அதிகம் என்றால் போட்ட கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும், இரண்டே வருடத்தில் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.