தழையைப் பிழிந்தால் பிழைப்பு நடக்குமா?

“மரம் அறுத்தது போக மிஞ்சுகிற தழையில் ஆராய்ச்சியாம், அதற்கு ஒரு படிப்பாம்” என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தைவிடப் பயம்தான் அதில் தெரிந்தது. தழையிலிருந்து மருந்துக்கான பொருளைப் பிரித்தெடுக்கிற படிப்பில் சேர வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது சார், ஆனால் பிடித்திருக்கிற நுனிதான் தப்பு.

பக்லிடாக்சல் என்கிற புற்றுநோய் மருந்தை முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தார்கள். பட்டையை உரித்தால் மரம் காலி. அப்புறம் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் கிடைக்கும் வேறொரு சேர்மத்தைப் பிரித்து, அதை வேதிமுறையில் அதே மருந்தாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். இலை மறுபடி துளிர்க்குமே!

ஆனால் அன்றாட வேலை இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. வெட்டிய தழையை ஈரத்தோடு குவித்துவைத்தால் உள்ளே சூடேறிக் கறுத்துப்போகும், அதனால் உடனே உலர்த்த வேண்டும், அப்புறம் பொடித்து, எத்தனால் என்கிற கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் கையில் நிற்பது பிசுபிசுவென்று ஒரு கரும்பச்சை விழுது. பச்சையம், மெழுகு எல்லாம் கலந்த அந்த விழுதுக்குள் நமக்கு வேண்டிய சேர்மம் எவ்வளவு என்று, கலவையில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்து, வேறொரு பருவத்தில் வந்த தழையிலும் அதே தரத்தைக் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. ஒரே சாம்பிளை மூன்று முறை எடைபோட அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இது சரிப்படாது. இன்னொன்று, டிபிபிஎச் என்கிற ஊதா நிற வேதிப்பொருளில் சாற்றைக் கலந்து பார்க்கும் சோதனையில் ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுத்ததும் மருந்தே கிடைத்துவிட்டதாகப் பிள்ளைகள் குதிப்பார்கள். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை மட்டும்தான் காட்டும், மருந்துக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

அதனால் இளங்கலையிலேயே குறுகலான பெயர் வைத்த படிப்பு வேண்டாம். வேதியியல் அல்லது வேதிப்பொறியியல் படிக்கட்டும், செடிகொடி போன்றவற்றில் இருக்கும் சேர்மங்களை ஆராயும் இயற்கைப் பொருள் வேதியியலை முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தில் கரிம வேதியியலும் பகுப்பாய்வு வேதியியலும் இருக்கிறதா, ஆய்வுக்கூட நேரம் எவ்வளவு என்று பாருங்கள், கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நாளைக்குத் தழை இல்லாவிட்டாலும் பிரித்தெடுக்கவும் அளக்கவும் தெரிந்தவருக்கு மருந்து, உணவு, வாசனைப்பொருள், அழகுசாதனம் என்று நாலு பக்கம் கதவு உண்டு. மரத் தொழிற்சாலையை மட்டும் நம்பி இறங்கினால் அந்த ஒரு கதவுதான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். தெரிந்த ஆய்வுக்கூடம் எதிலாவது இரண்டு வாரம் கூடமாட வேலை செய்ய அனுப்பிவையுங்கள். வீட்டுக்கு வந்து கரைப்பானையும் கருவியையும் பற்றியே பேசினாள் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடலாம். மரங்களைப் பற்றியே பேசினாள் என்றால் அவளுக்கு வேண்டியது வனவியல், அப்போது மறுபடி எனக்கு எழுதுங்கள்.