பறக்கும் வாகனம் செய்ய முதலில் யாரை எடுப்பது?

கேள்வி: ஒருவர் அமர்ந்து பறக்கும் மின்வாகனம் செய்ய நிறுவனம் தொடங்கியிருக்கிறோம். முதல் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் ஐவரில் இருவராவது கையால் செய்பவர்களாக இருக்கட்டும். வரைபவர்கள் மட்டும் சேர்ந்தால் மாதங்கள் ஓடும், வாகனம் திரையிலேயே நிற்கும்.

கார்பன் ஃபைபர் வேலைக்கு வருபவரிடம் 30 செ.மீ. சதுரத் தகடு ஒன்றை வெற்றிடப் பை முறையில் (ரெசின் என்னும் பிசின் தடவிய கார்பன் துணியைப் பையால் மூடி, காற்றை உறிஞ்சி இறுகவைப்பது) செய்யச் சொல்லுங்கள். துணியை முன்பும் தகட்டைப் பின்பும் எடை போடுங்கள். ரெசின் துணியின் எடையைத் தாண்டினால் கை இன்னும் பழகவில்லை. தகட்டை அறுத்துக் காற்றுக்குமிழிகளையும் பாருங்கள். அலுமினியம் கார்பனைத் தொடுமிடத்தில் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். அரிப்பைத் தடுக்க இடையில் கண்ணாடி இழை வைப்பேன் என்றால் அனுபவசாலி.

பொறியாளருக்கு ஒரு கணக்கு: 300 கிலோ எடை, சுழலிகளின் மொத்தப் பரப்பு 8 சதுர மீட்டர்; அந்தரத்தில் நிற்க எவ்வளவு சக்தி? இலட்சிய விடை சுமார் 36 கிலோவாட். இழப்புகளைச் சேர்த்து 50 வரை யோசிப்பவரே வேண்டும்.

பேட்டரிக்காரர் முன்மின்னேற்றச் சுற்றை (பேட்டரியை முழுதாக இணைக்கும் முன் மின்தேக்கிகளை மெதுவாக நிரப்புவது) தானாகவே குறிப்பிட வேண்டும். அது இல்லாவிட்டால் இணைத்தவுடன் மின்தேக்கிகளுக்குள் மின்னோட்டம் பாய்ந்து பொறி பறக்கும், கனெக்டர் கருகும்.

சோதனைப் பறப்பை நிறுத்தும் அதிகாரத்தை, காலக்கெடுவுக்குப் பொறுப்பில்லாத ஒருவரிடம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.