சிவப்பு மையோடு அனுப்புங்கள்: பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான எழுத்துப் பணி, கேள்வி பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே அனுப்பச் சொல்லும் கட்டுரை பற்றி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை இவை. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பிள்ளைகள் எழுதியதை வாங்கிப் படித்து, தோன்றியதைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மேடம், 12-ஆம் வகுப்பு படிக்கிறேன். ஒரு இடத்தில் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் எஸ்ஸே, வேறொரு இடத்தில் ரிட்டன் வொர்க். மூன்றும் ஒன்றா? (மாணவி, பென்னாகரம்)

மூன்றும் வேறு வேறு, கண்ணு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள்.

பர்சனல் ஸ்டேட்மென்ட் என்பது இங்கிலாந்துக்கு. யூகாஸ் என்ற பொது விண்ணப்பத்துக்குள்ளேயே எழுதுவது. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது அதற்கு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துக்குறிகள்தான். எஸ்ஸே என்பது பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. காமன் ஆப் என்ற அங்குள்ள பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போவது, அதிகபட்சம் 650 சொற்கள், உன்னைப் பற்றியது.

மூன்றாவது, அதாவது ரிட்டன் வொர்க் என்ற எழுத்துப் பணிதான் இன்று நாம் முக்கியமாகப் பேசுவது. நீ பள்ளியில் பாடத்துக்காக எழுதி, உன் ஆசிரியர் திருத்திக் கொடுத்த தாள். ஆக்ஸ்போர்டில் வரலாறு, ஆங்கில இலக்கியம் மாதிரிப் படிப்புகளுக்கு இதைக் கேட்கிறார்கள். மருத்துவம், பொறியியல், கணிதம் என்றால் கேட்பதில்லை. கேம்பிரிட்ஜில் படிப்பையும் கல்லூரியையும் பொறுத்து மாறும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன், மதிப்பெண் போட்ட கட்டுரை ஒன்றைக் கேட்கிறது. நம் நாட்டு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு மதிப்பெண்தான், இந்த வம்பே இல்லை. விதிகள் வருடா வருடம் மாறுகின்றன. அதனால் நீ சேரப்போகும் படிப்பின் பக்கத்தை இந்த வருடம் ஒருமுறை நீயே படி. போன வருடம் போன அண்ணன் சொன்னதை நம்பாதே.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் கேள்விக்கு விடை எழுதிய தேர்வுத்தாள்தான் இருக்கிறது. கட்டுரை என்று ஒன்று கிடையாது. எதை அனுப்பச் சொல்வது? (ஆசிரியர், கிருஷ்ணகிரி)

இது முக்கியமான கேள்வி சார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றால் குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவில் இரண்டு பொன்மொழி. கையெழுத்து அழகாக இருந்தால் கூட ஒரு மார்க். அந்த வடிவத்தில் எழுதியவன் எதையும் வாதாட வேண்டியதில்லை. அங்கே படிக்கிறவர்கள் தேடுவதோ வாதத்தை: ஒரு கேள்வி, அதற்கு இவன் எடுத்த நிலை, ஏன் அப்படி, எதிர்த்துச் சொல்லக்கூடியது என்ன, அதற்கு இவன் பதில் என்ன. ஐந்து மதிப்பெண் விடை, பத்து மதிப்பெண் விடை எதிலும் இது வராது. ஆகவே தேர்வுத்தாளை அனுப்பாதீர்கள்.

நீங்களே ஒரு கட்டுரை வேலை கொடுங்கள், ஜூலையிலேயே. செப்டம்பர் வந்தால் காலாண்டுத் தேர்வு, அப்புறம் யாருக்கும் தலை நிமிராது. கேள்வி சின்னதாக இருக்கட்டும். நடுகற்கள் வைத்திருக்கும் தருமபுரி அகழ் வைப்பகத்துக்கு (தொல்லியல் அருங்காட்சியகம்) ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆளுக்கு ஒரு நடுகல். ஆநிரை மீட்டுச் செத்த வீரனின் கல்லில் அவன் பெயர் மட்டுமா இருக்கிறது? அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், அவன் யாருடைய சேவகன் என்று இருக்கும். செத்தவனுக்காக எழுப்பிய கல்லில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஏன் இத்தனை இடம்? இதைக் கேள்வியாகக் கொடுத்து 1500 சொல் எழுதச் சொல்லுங்கள். பொன்மொழி போட இடமே இருக்காது.

அப்புறம் திருத்துங்கள். டிக் போட்டு, கீழே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. ஓரத்தில், 'இதற்கு ஆதாரம் எங்கே?', 'முந்தைய பத்தியில் வேறு மாதிரிச் சொன்னாயே' என்று எழுதுங்கள். அந்தக் குறிப்புகளும் அவர்கள் பார்வைக்குப் போகிறவைதான்.

இதற்கும் நேரமில்லாமல் போய்விட்டால், விண்ணப்பிக்கும் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல். 'எங்கள் பாடத்திட்டத்தில் இப்படிக் கட்டுரை இல்லை, என்ன அனுப்பலாம்?' என்று நேராகக் கேளுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மேடம், பையன் கட்டுரையைப் பெங்களூரில் ஒரு கன்சல்டன்சியில் காட்டினோம். இப்படியே அனுப்பினால் எடுபடாது, நாங்கள் மாற்றி எழுதித் தருகிறோம் என்கிறார்கள். கட்டணமும் பெரிசாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (தந்தை, ஓசூர்)

கொடுக்காதீர்கள் சார்.

ஆக்ஸ்போர்டு கேட்பது, வழக்கமான பள்ளி வேலையாக எழுதி, ஆசிரியர் திருத்திய பிரதி. திருத்திய பிறகு உட்கார்ந்து திரும்ப எழுதியதை அல்ல. சிவப்பு மை இருக்கிறதே என்று வெட்கப்பட்டு வெள்ளைத்தாளில் மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினால், கேட்டதை விட்டு வேறெதையோ அனுப்பினதாகத்தான் ஆகும். அதோடு முகப்புத்தாள் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது, வகுப்பிலா வீட்டிலா, நேரம் வைத்தா என்பதை அதில் எழுதி, பள்ளி சார்பில் கையெழுத்தும் வேண்டும். கன்சல்டன்சிக்காரர் எழுதியதற்கு உங்கள் பையனின் ஆசிரியர் கையெழுத்துப் போடவேண்டி வரும். அவரை எதற்கு அந்த நிலைக்குத் தள்ளுவது?

இன்னொன்று. டிசம்பரில் இணையவழி நேர்காணல். அதில் அந்தக் கட்டுரையை எடுத்து, 'இரண்டாம் பத்தியில் இப்படிச் சொல்கிறாயே, அது ஏன்?' என்று கேட்கலாம். இரவல் நகை போட்டுக்கொண்டு போனவள் மாதிரி பையன் விழிப்பான். அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

டீச்சர், எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை. 4200 ஆண்டு பழமையான இரும்பு. தமிழன்தான் உலகுக்கு இரும்பு கொடுத்தான் என்று எழுதினால் நன்றாக இருக்குமா? (மாணவன், பர்கூர்)

ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு தம்பி. ஆனால் இந்தத் தலைப்பில் நீ எழுதப்போவது மேடைப்பேச்சு.

அதே இடத்தை வைத்தே நல்ல கட்டுரை எழுதலாம். 2022-இல் வெளியிட்ட ஆய்வில் அங்கிருந்து இரண்டு காலக்கணிப்புகள் வந்தன: கி.மு. 1615, கி.மு. 2172. கரிமக் காலக்கணிப்பு என்றால் தேதி சொல்வது இரும்பு அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருள். அப்படியானால் அந்தப் பொருளும் இரும்பும் ஒரே காலம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மண்ணடுக்கு கலையவில்லை என்று எப்படித் தெரியும்? இரண்டு தேதிகளுக்கு நடுவில் ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டு இடைவெளி இருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது? இந்த மூன்று கேள்வியைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் 2000 சொல் போதாது. கடைசியில் பெருமை நிற்குமா, ஆட்டம் காணுமா என்பது உனக்கே எழுதும்போதுதான் தெரியும். அந்தத் தெரியாமையோடு எழுதியதுதான் படிக்கச் சுவையாக இருக்கும்.

நான் புவியியல் பக்கம் போக விரும்புகிறேன். பருவநிலை மாற்றம் பற்றி எழுதட்டுமா? (மாணவி, பாலக்கோடு)

உலகமே அதைத்தான் எழுதுகிறது. உன் தெருவுக்கு வா. நம் பக்கத்துக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பதும், பல்லில் பழுப்புக் கறை விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்றது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் எந்தெந்த வீட்டில் பழைய போர்வெல் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள், ஏன்? குழாய்த் தண்ணீர் வரும் நேரமா, போர்வெல் தண்ணீரின் ருசியா, பழக்கமா? பத்து வீட்டில் போய்க் கேட்டு எழுது. நீ கேட்டதை, அவர்கள் சொன்னதை, அதிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதை. பத்து வீட்டை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுதிவிடாதே, அது ஒன்றுதான் எச்சரிக்கை.

தமிழில் எழுதிய கட்டுரையை அனுப்பலாமா? (மாணவன், அரூர், தமிழ் வழி)

ஆக்ஸ்போர்டில் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மொழிபெயர்த்தது யார் என்பதை மறைக்காமல் முகப்புத்தாளில் எழுது. மொழிபெயர்க்கும்போது கட்டுரையை மெருகேற்றாதே, தமிழில் இருந்ததுதான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உனக்கு ஆங்கிலத்தில் சுமாராக எழுத வரும் என்றால் நேராக ஆங்கிலத்திலேயே எழுது என்பேன். சின்னச் சின்ன வாக்கியம் போதும். உன் ஆங்கிலத்தை அளக்க ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வு தனியாக இருக்கிறது. அகராதியைப் புரட்டிப் பெரிய சொற்களைக் கொண்டுவந்து கொட்டினால், படிக்கிறவருக்கு உன் யோசனைதான் கண்ணில் படாமல் போகும்.

ஏஐ வைத்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களா? (பெயர் சொல்லாத ஒருவர், ஓசூர்)

கண்டுபிடிப்பார்களா என்று கேட்கும்போதே பதில் உனக்குத் தெரிந்திருக்கிறது. காமன் ஆப் விதிகளில், ஏஐ எழுதியதை உன்னுடையதாகக் காட்டுவது மோசடிக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. யூகாஸும் எச்சரித்திருக்கிறது. அதோடு, வருகிற ஸ்டேட்மென்ட்களை ஏற்கெனவே வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. ஒத்துப்போனால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். புரியாத ஒரு கருத்தை விளக்கச் சொல்லிக் கேள், தப்பில்லை. வாக்கியம் உன்னுடையதாக இருக்கட்டும்.

அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறார், அம்மா மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை. இதை எழுதினால் இரக்கப்பட்டு சீட் கொடுப்பார்களா? எழுதவே கூச்சமாகவும் இருக்கிறது அக்கா. (மாணவி, காவேரிப்பட்டணம்)

இரக்கத்துக்காக எழுதாதே. கூச்சத்தால் மறைக்கவும் வேண்டாம்.

யூகாஸ் ஸ்டேட்மென்ட்டில் பேச்சு பாடத்தைப் பற்றியது. அம்மாவின் வேலையைப் பார்த்து உனக்குப் பொருளாதாரத்தில் ஒரு கேள்வி எழுந்தது என்றால் அது அங்கே வரலாம். மாம்பழ விலை விழுகிற வருடம் கூலிக்கு என்ன ஆகிறது என்பது மாதிரி. வெறும் கஷ்டம் மட்டும் என்றால் அங்கே இடமில்லை. அமெரிக்க எஸ்ஸே வேறு. அங்கே வீட்டைப் பற்றி எழுதலாம், ஆனால் கதாநாயகி நீயாக இருக்க வேண்டும். சீசனில் அம்மா ராத்திரி ஷிப்ட் போகும்போது தம்பி தங்கைகளை யார் பார்த்தது, அந்த நேரத்தில் நீ எப்படிப் படித்தாய், அதை எழுது. பிரின்ஸ்டன், வெளிநாட்டு மாணவர்களையும் வீட்டு வருமானம் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான உதவித்தொகை முழுவதையும் தருகிறது. வறுமையைச் சொல்ல அங்கே நிதியுதவிப் படிவம் தனியாக இருக்கிறது. அதை அங்கே சொல்.

எச்.எம். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட யோசிக்கிறார். (மாணவன், ஊத்தங்கரை)

பயம் நியாயம்தான், எதில் போடுகிறோம் என்று தெரியாமல் யார் போடுவார்? படிவத்தை வரிக்கு வரி தமிழில் எழுதி எடுத்துப் போ. உன் பாட ஆசிரியரையும் கூட்டிக்கொள். கடைசி நாள் போய் நிற்காதே.

எம்.ஏ. முடித்துவிட்டேன். வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு ரைட்டிங் சாம்பிள் கேட்கிறார்கள். 70 பக்க ஆய்வேடு இருக்கிறது, முழுசாக அனுப்பவா? (தருமபுரி)

வேண்டாம். கேட்ட பக்க அளவைத் தாண்டினால் மீதியைப் படிக்க மாட்டார்கள். முதல் அத்தியாயத்தை அனுப்பாதீர்கள், நம் ஆய்வேடுகளில் அது பெரும்பாலும் நூலாசிரியர் வாழ்க்கை வரலாறு. உங்கள் சொந்த வாதம் வருகிற அத்தியாயம் மூன்றோ நான்கோ, அதை எடுங்கள். தலையில் ஐந்து வரி: முழு ஆய்வு எதைப் பற்றியது, இந்தப் பகுதி அதில் எங்கே வருகிறது. மேற்கோள் முறை முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். 'என் வழிகாட்டி இப்படித்தான் சொன்னார்' என்பது அங்கே செல்லாது.

எப்போது, எப்படி அனுப்புவது? (பலர்)

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15, அவர்கள் நேரம் மாலை 6 மணி, நமக்கு இரவு 10.30. ஆக்ஸ்போர்டுக்கு எழுத்துப் பணி நவம்பர் 10. அளவு 2000 சொற்களுக்குள். கைபேசியில் படம் பிடிப்பவர்கள் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளை நேராக வைத்துப் பிடியுங்கள். ஓரத்துச் சிவப்புக் குறிப்புகள் வெட்டுப்படுகின்றன, அதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை ஸ்கேன் வேண்டாம், சிவப்பு மை காணாமல் போய்விடும். எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப். கோப்புக்கு உங்கள் பெயரும் படிப்பும்.

அனுப்பிய பிறகு ஒரு தப்பு கண்ணில் பட்டது. மறுபடி அனுப்பவா? (மாணவி, தேன்கனிக்கோட்டை)

எழுத்துப்பிழை என்றால் விட்டுவிடு. பக்கம் விட்டுப்போயிருந்தால் மட்டும் உடனே எழுதிக் கேள். கருத்தில் தப்பு என்றால் அதை உன் பிரதியில் குறித்து வைத்துக்கொள். நேர்காணலில் அந்த இடத்தைத் தொட்டால், 'இப்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது' என்று சொல்லி, ஏன் என்பதையும் சொல். அனுப்பியதன் நகல் கையில் இருக்கிறதா?